நாலு மணி மிதியடி

கொழும்பில் ரயில் ஏறும்போதே துப்பறியும் சேதுராமன் தம் உதவியாளன் இருளப்பனிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கண்டியில் ஊர் பார்ப்பது ஒன்றுதான் வேலை. களவு, கொலை, காணாமற்போன காதுத்தோடு என்று எவன் வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இருளப்பன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். வேலை செய்யாமல் இருப்பதற்குச் சத்தியம் கேட்டால் அவன் இரண்டு தடவைகூடச் செய்வான்.

அந்தச் சத்தியம் சனிக்கிழமை பிற்பகல் நாலு மணி வரைக்கும்தான் நின்றது. அதற்குக் காரணம் கடுகண்ணாவை ஸ்டேஷனில் சேதுராமன் ஆசையோடு வாங்கித் தின்ற மூன்று வடை.

அவர்கள் தங்கியது ஏரிக்கு மேலே, உடவத்தைக் காடு சரிந்து இறங்கும் மேட்டில் இருந்த மஹ்ரூப் லொட்ஜில். முன்கட்டில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு நாலு அறை. நடுவே நீண்ட நடை. நடையின் கடைசியில் ஒரு கதவு, கதவில் பச்சைத் திரை. திரைக்கு அப்பால் குடும்பம் இருக்கும் பின்கட்டு. லொட்ஜுக்குப் பெயர் தந்த மஹ்ரூப் காய்ச்சலில் இறந்து நாலு மாதமாகிறது. இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அவருடைய தம்பி பளீல். ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீஸில் காலை வேலை. மத்தியானத்துக்கு மேல் லொட்ஜ். கோட்டும் துருக்கித் தொப்பியுமாக வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"வாங்கோ, வாங்கோ! கண்டிக்கு வந்து ஆனை குளிக்கிறத பாக்காம போகப்படாது. நாலு மணிக்குக் கட்டுகஸ்தோட்டையில ஆத்துல எறக்குவாங்க. மூணு மணிக்கு ரிக்‌ஷா வர செல்லி வெச்சீக்கி."

"பாருங்கய்யா, நாம கேக்காமலே ஆனைகிட்ட சொல்லி வச்சிருக்காரு. இப்பிடி ஒரு மனுசன் கொழும்புல உண்டா?" என்று இருளப்பன் உருகிப்போனான்.

பளீல் தமக்கு டவுனில் ஒரு வேலை இருக்கிறதென்று புறப்பட்டுப் போனார். மூன்று மணிக்கு ரிக்‌ஷா வந்தது. அதற்குள் மூன்று வடையும் தம் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டன. சேதுராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். ரிக்‌ஷா வெறுமனே திரும்பியது. சமையற்காரி சுப்பம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, வீட்டுக் குழந்தை ஹபீலாவைக் குர்ஆன் ஓதற பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். பின்னேரம் ஐந்தரைக்குத்தான் திரும்புவாளாம். ஐப்பசி மழை ஒரு பாட்டம் கொட்டி ஓய்ந்தது. இருளப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் பார்க்காத யானைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி முற்றத்தை விழுங்கியிருந்தது. தெருச் சத்தம் ஒன்றும் மேலே வரவில்லை. அப்போதுதான் அது கேட்டது.

டொக்.

சற்றுப் பொறுத்து இன்னொரு டொக். வீட்டின் பின்பக்கம், காட்டிலிருந்து கிணற்றுக்கு இறங்கும் கற்படிகளில் யாரோ மரமிதியடி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஏழு படி. ஏழாவதில் சறுக்கி, கட்டை கல்லில் உராய்ந்து, பிறகு நிதானித்தது. கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. ஒரு வாளித் தண்ணீரைக் கல்லில் ஊற்றும் சத்தம். மறுபடி டொக், டொக் என்று மேலே ஏறிக் காட்டுக்குள் போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் நடை முழுவதும் சந்தன அத்தர் வாசனை மெல்லப் பரவியது.

"யாரோ வீட்டுக்காரங்க போல" என்றான் இருளப்பன். வீட்டில் அந்த நேரம் தங்களைத் தவிர ஆண்பிள்ளை எவருமில்லை என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. நனைந்த துணியை முதுகில் போட்டதுபோல் இருந்தது.

பச்சைத் திரை அசைந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண்குரல், கதவில் வாயை வைத்துப் பேசுவதுபோல் மிக மெல்ல வந்தது.

"ஆராச்சும் ஈக்கீங்களா? பேசற சத்தம் கேட்டிச்சி. மிச்சம் மன்னிச்சிக்கோங்க. ஒரே ஒரு கேள்வி. இப்ப... உங்களுக்கும் கேட்டிச்சா?"

சேதுராமன் எழுந்து நடைக்கு வந்தார். திரைக்கு நாலடி தள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். "கேட்டுச்சும்மா. ஏழு படி எறங்கி, ஒரு வாளி தண்ணி ஊத்தி, ஏழு படி ஏறிப் போச்சு. அத்தர் வாசம் இன்னும் அடிக்குது."

திரைக்குப் பின்னாலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு மூச்சு மட்டும் வந்தது.

அவள் பெயர் மஸீனா. மஹ்ரூபின் மனைவி. கணவன் மவுத்தான அன்றிலிருந்து இத்தா இருக்கிறாள். அந்த நாலு மாதம் பத்து நாளும் வீட்டுப் படி தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. அவள் அறையின் ஒரே ஜன்னல் காட்டைப் பார்த்தது. அதையும் அடைத்தே வைத்திருந்தார்கள். கணவன் உயிரோடு இருந்தபோது பின்னேர அசர் தொழுகைக்கு முன் மிதியடி போட்டுக்கொண்டு அந்தக் கிணற்றில்தான் கைகால் கழுவுவான். மவுத்தாகிப் பத்தாம் நாள் அந்தச் சத்தம் மறுபடி வந்தது. அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

"பளீல் எப்பவும் அந்த நேரம் முன் ஹோலில ஈக்கிறவர். அவருக்கு ஒண்டும் கேக்கல்லயாம். சுப்பம்மா அந்த நேரம் புள்ளய கூட்டிப் பெய்த்திருவா. இங்க வார ஆக்களும் அந்த நேரம் ஆன பாக்கப் பெய்த்திருவாங்க. அப்ப கேக்கிறது எனக்கு மட்டும்தான். எனக்கு மூள கலங்கிட்டுதாம். திங்கக்கெழம காலைல டொக்டர் வாறார். அவர் பைத்தியம் எண்டு எழுதினா, என்ன கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க. எண்ட புள்ள மடவளைக்கு பளீல் வீட்டுக்கு. இந்த வீட்ட அவர் புள்ளட பேருக்குத்தான் எழுதி வெச்சார். புள்ள போற எடத்துக்கு வீடும் போகும். வீடு போனா போகட்டும் ஐயா. அவளுக்கு ஆறு வயசு."

"கதவத் திறந்து பாத்ததில்லையா, தாயி?" என்று இருளப்பன் கேட்டான்.

"இத்தாவுல எப்படித் தொறக்கிற? அதோட... தொறந்து அங்க ஆரும் இல்லாட்டி? அப்ப நான் நெசமாவே பைத்தியந்தானே."

இருளப்பனின் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் நையாண்டி அப்போது எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. திரை சட்டென்று அசைவற்று நின்றது.

பளீல் உள்ளே வந்து இருவரையும் கண்டதும் அரை வினாடி அப்படியே நின்றுவிட்டார். "நீங்க... ஆன பாக்கப் போகல்லியா?"

"வயிறு சரியில்ல. ரெண்டு பேரும் இப்பதான் தூங்கி எழுந்தோம். செத்த பொணம் மாதிரித் தூக்கம்" என்றார் சேதுராமன். பதினெட்டு வருடம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்று மூன்று பாஷையிலும் பொய் கேட்டவர். தாம் சொல்லும்போது ஒரு பிசிறு தட்டாது.

பளீலின் முகம் தெளிந்தது. ஏரிக்கரை வழியாக நடந்தே வந்ததாகவும், தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்றும் சொன்னார். சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வாசல் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு காலில் ஊற்றினார். தண்ணீர் கணுக்காலில் பட்டதும் வெள்ளை வெள்ளையாக நுரைத்து ஓடியது. சவர்க்காரம் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

"பாருங்கய்யா, கண்டித் தண்ணியே தனி" என்றான் இருளப்பன். "நம்ம ஊர்ல சவுக்காரத்தத் தேச்சாலே நுரை வராது."

பளீல் அசட்டுச் சிரிப்புச் சிரித்து அவசரமாகக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

அறைக் கதவைச் சாத்தியதும் இருளப்பன் குதித்தான். "ஐயா, நான் தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்துல பொறந்தவன். மழை நாள்ல காட்டுக்குள்ள போறவன் என்ன செய்வான் தெரியுமா? அட்டை ஏறாம இருக்க, சவுக்காரத்தக் கொழைச்சி முழங்கால் வரைக்கும் பூசிக்குவான். ஏரிக்கரை ரோட்டுல எந்த அட்டை இவரக் கடிக்கப் போகுது? இவரு வந்தது காட்டு வழியா. நம்ம பேய் இவருதான். ஆனை பாக்கச் சொல்லி நம்மளத் துரத்தினதும் இதுக்குத்தான். கேஸ் முடிஞ்சிது, வாங்க, நாளைக்கு ஆனை பாப்போம்."

"ஒரு நாள் நுரைய வச்சு நாலு மாசத்துக்குத் தீர்ப்புச் சொல்லாதே. சவுக்காரம் பூசினது குத்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" சேதுராமன் கட்டிலில் உட்கார்ந்தார். "அந்த ஆளு 'எனக்குக் கேக்கல'ன்னு சொல்ற வரைக்கும் அந்தம்மா பைத்தியம்தான். நமக்கு வேண்டியது பேய் இல்ல, இருளப்பா. 'கேட்டுச்சு'ன்னு அவரு வாயால ஒரு சொல்லு."

சாயங்காலம், தலதா மாளிகையிலிருந்து பூசை மேளம் பனியைத் துளைத்துக்கொண்டு வந்த நேரத்தில், சேதுராமன் ஹோலில் மாட்டியிருந்த தேயிலைக் கம்பெனிக் கலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதில் ஒவ்வொரு நாளும் சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. வருகிற திங்கட்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு நடைக்குப் போய், திரையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் கணவர் இறந்தது எந்த நாள்?

"ஆனி மாசம். தலைப்பிறை கண்ட அண்டைக்கு, பொழுது பட்டு மக்ரிபோட" என்றாள் மஸீனா.

சேதுராமன் பையிலிருந்த பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்தார். பிடிக்காத இடத்துக்குப் போகாமல் இருக்க ராகுகாலம் பார்ப்பதற்கென்றே அவர் அதை வைத்திருந்தார். அன்று அமாவாசைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. எண்ணி முடித்துவிட்டு இருளப்பனைப் பார்த்துச் சிரித்தார்.

"நாம எண்ணினாப் போதாது. நாளைக் காலைல சுப்பம்மாவ பள்ளிவாசல்ல தொழ வைக்கிற லெப்பை வீட்டுக்கு அனுப்பணும்."

ஞாயிறு காலை சுப்பம்மா போனாள். பத்து மணிக்கு மூச்சிரைக்க வந்தாள். "லெப்பை வெரல் விட்டு எண்ணினாருங்க. இங்கிலீசு மாசத்துல எண்ணப்படாதாம், பெறையிலதான் எண்ணணுமாம். நாலு பெறையும் பத்து நாளும் போன வெசாழக்கெழம மக்ரிபோட முடிஞ்சிருச்சாம். இன்னும் எதுக்கு அந்தப் புள்ளைய உள்ள வச்சிருக்கீங்கன்னு அவரு என்னையல்ல ஏசினாரு!"

இருளப்பன் வாயைப் பிளந்தான். இதென்ன கூத்து! தொழுகை தவறாத மனுசன் பளீல். ஆனால் எல்லாவற்றையும் ஆபீஸ் கலண்டரில் அடித்துப் பழகிய கை. அண்ணன் மனைவியின் இத்தாவையும் அதே கலண்டரில் அடித்துவிட்டார். உள்ளே இருந்தவளுக்குப் பிறை தெரிகிற ஜன்னல் இல்லை. வெளியே இருந்தவர் சொன்னதுதான் அவளுக்கு நாள்.

செய்தியைத் திரைக்கு இப்பால் நின்று சேதுராமன் சொன்னார். "அம்மா, இத்தா முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, உங்களத் தடுக்க மார்க்கத்துல ஒண்ணும் இல்ல. இன்னைக்கு நாலு மணிக்குச் சத்தம் வரும். நான் 'அம்மா'ன்னு ஒரு தரம் கூப்பிடுவேன். நீங்களே பின்கதவத் திறக்கணும். நாங்க திறந்தா, யாரையோ கூட்டிவந்து நிறுத்தினோம்னு சொல்லுவாங்க."

"அங்க ஆரும் இல்லாட்டி, ஐயா?"

இருளப்பனுக்கும் அதுதான் பயமாக இருந்தது.

மூன்றரைக்குச் சுப்பம்மா குழந்தையோடு போய்விட்டாள். பளீல் வந்து, பேராதனைப் பூந்தோட்டத்தைப் பார்க்காமல் போவது பாவம் என்றார். வௌவால்கள் மரத்தில் தொங்கும் அழகை வர்ணித்தார். ரிக்‌ஷா வாசலில் நின்றது.

"ஐயையோ, ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகுகாலம்" என்று பஞ்சாங்கத்தை விரித்தார் சேதுராமன். "இப்ப கெளம்பினா பாதி வழியில புடிச்சிரும். உக்காருங்க மொதலாளி. கண்டி ராஜா கதை ஏதாச்சும் சொல்லுங்க."

பளீலுக்குத் தர்மசங்கடம். வெளியே ஒரு வேலை என்று எழுந்தார். சேதுராமன் அவர் கையை அன்போடு பிடித்து, மெல்லக் கதிரையில் உட்கார வைத்தார். அந்த அன்பு கொழும்பில் பல பேரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. இருளப்பன் வாசற்படியில் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டான். பேய் இங்கே, தன் கண்முன்னால், கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நாலு மணி அடிக்கும், சத்தம் வராது, கதை முடியும் என்று அவன் கணக்குப் போட்டான். ஐயா எதற்காக அந்தம்மாவைக் கதவு திறக்கச் சொன்னார் என்பதுதான் விளங்கவில்லை.

மழை இல்லை. பனி மட்டும் வழக்கம்போல் ஏறி வந்தது. பளீல் ஏரி வெட்டிய ராஜாவின் கதையை வேண்டாவெறுப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரம் நாலு அடித்தது.

டொக்.

இருளப்பனின் உடம்பு முழுக்க மயிர் கூச்செறிந்தது. பளீல் எதிரே இருக்கிறார். அவருடைய இரண்டு காலும் கதிரைக்குக் கீழே சப்பாத்துக்குள் இருக்கின்றன. பின்பக்கம் படிகளில் மிதியடி இறங்கியது. நேற்றுப்போல் தடுமாற்றம் இல்லை. நடந்து நடந்து பழகிய காலின் நிதானம். டொக். டொக். அத்தர் வாசனை நடையில் ஏறியது. முனியாண்டி, கறுப்பண்ணன், மாடசாமி என்று தெரிந்த சாமிகளையெல்லாம் இருளப்பன் வரிசையாகக் கூப்பிட்டான். எதிரே இருப்பவர் பேயில்லை என்றால், அப்போது அது யார்?

"...அப்ப அந்த ராஜா, ஏரிக்கு நடுவுல ஒரு தீவு கட்டினவர்" என்றார் பளீல். டொக். "ஒரு தீவு!" டொக். "கல்லால, தெரியுமா, கல்லால!" கப்பி கிறீச்சிட்டபோது அவர் ஏறக்குறையக் கத்திக்கொண்டிருந்தார்.

"மொதலாளி" என்றார் சேதுராமன் மெதுவாக. "மழை இல்ல, காத்து இல்ல. ரெண்டு முழ தூரத்துல உக்காந்திருக்கோம். எதுக்கு இவ்வளவு சத்தமாப் பேசறீங்க?"

பளீல் வாயை மூடினார். அந்த மௌனத்தில் கல்லில் தண்ணீர் விழும் சத்தம் அந்த ஹோல் முழுக்கக் கேட்டது.

"அம்மா!" என்று சேதுராமன் குரல் கொடுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. இருளப்பன் தன் மூச்சை எண்ணினான். மிதியடி திரும்பி முதல் படியில் ஏறியது. இரண்டாம் படி. 'திற தாயி, திற' என்று அவன் மனதுக்குள் மன்றாடினான். மூன்றாம் படி. அப்போது நாலு மாதமாக அசையாத தாழ்ப்பாள் ஒன்று கீச்சென்று விலகியது.

சேதுராமன் பளீலின் முழங்கையைப் பிடித்தபடி வெளியே வந்து, வீட்டைச் சுற்றி ஓடினார். இருளப்பன் முன்னால் ஓடினான். வீரத்தினால் அல்ல, தனியாகப் பின்தங்கப் பயந்து ஓடினான்.

பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. வெள்ளைச் சேலையை முக்காடிட்டு, நிலைப்படிக்கு வெளியே, ஈரக்கல்லில் வெறுங்காலோடு மஸீனா நின்றாள். வெளிச்சம் பட்டுக் கண் கூசியது போலும், கையை நெற்றியில் வைத்திருந்தாள். மூன்றாம் படியில், பனிக்குள், மிதியடி போட்டுக்கொண்டு ஒரு மனிதன் நின்றான். தலைப்பாகை, நரைத்த மீசை, தோளில் கம்பளி.

"கறுப்பையா?" என்றாள் மஸீனா.

அவன் பதறிப்போய் மிதியடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டான். காட்டுக்கு அந்தப் பக்கம் மஹ்ரூபுக்கு இருந்த சிறு தோட்டத்தின் காவல்காரன் அவன். பெரிய தோட்டமொன்றிலிருந்து துரைமார் துரத்திவிட, வேறெங்கும் வேலை கிடைக்காமல் பெண்டாட்டியோடு ரோட்டில் நின்றவனுக்கு மஹ்ரூப்தான் குடிசை போட்டுக் கொடுத்தார்.

"கும்புடறேங்க தாயி. பேசப்படாதுங்க. பேசினா மொதலாளிக்குப் புண்ணியம் சேராதுன்னாங்க. நாளையோட முடிஞ்சிருமுங்க" என்று அவன் முணுமுணுத்தான்.

"என்ன முடிஞ்சிரும்? யாரு சொன்னா?" என்றார் சேதுராமன்.

கறுப்பையா பளீலைப் பார்த்தான். ஒரு குற்றமும் தெரியாத பார்வை. "சின்ன மொதலாளிதாங்க. பெரிய மொதலாளி போயிட்டா, அவருகிட்ட உப்புத் தின்னவன் ஒருத்தன் நாலு மாசம் பத்து நாளு அவரு மிதியடியப் போட்டு, அவரு அத்தரத் தடவி, அவரு கால் கழுவுன நேரத்துல ஒரு வாளித் தண்ணி ஊத்தணுமாம். அதுதான் இவங்க சாங்கியமாம். நாங்க பதினாறு நாளு செய்றதில்லையா, அது மாதிரின்னு நெனச்சேங்க. வெளியில சொன்னாப் பலிக்காதுன்னாங்க. எம் பொஞ்சாதிகிட்டகூடச் சொல்லலீங்க."

"அப்பிடி ஒரு சாங்கியம் எங்களுக்கு இல்ல, கறுப்பையா" என்றாள் மஸீனா.

அவனுக்கு அது உடனே விளங்கவில்லை. கையிலிருந்த மிதியடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இல்லீங்களா?" என்று குழந்தைபோல் கேட்டான். பிறகு அவன் முகம் வாடிப்போனது. "நேத்து ஒரு நாளு வர முடியாமப் போச்சேன்னு ராத்திரியெல்லாம் அழுதேங்களே. காச்சலுங்க, எழுந்திருக்க முடியல. மிதியடியையும் அத்தரையும் பொட்டலமாக் கட்டிப் பொஞ்சாதிகிட்டச் சின்ன மொதலாளிக்குக் குடுத்து விட்டேன், இன்னைக்குக் காலைல திருப்பி அனுப்பினாருங்க."

இருளப்பன் சட்டென்று கறுப்பையாவைத் திரும்பிப் பார்த்தான். நேற்று இவன் வரவில்லை. நேற்று ஏழு படி இறங்கியதை அவன் தன் காதால் கேட்டிருக்கிறான். மஸீனாவும் அதைத்தான் நினைத்தாள். அவள் கண்கள் காட்டை நோக்கிப் போயின. உதடு ஓசையில்லாமல் கணவன் பெயரைச் சொன்னது.

பளீல் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? இவன் வராத அண்டும் கேட்டிச்சாம். அப்ப மூள கலங்கித்தானே ஈக்கிது!"

"அப்பிடிப் போடுங்க!" என்று இருளப்பன் தொடையில் தட்டினான். போன நையாண்டி முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. "நேத்து வந்த ஆள எனக்குத் தெரியும், தாயி. பழக்கமில்லாத கால், ஏழாம் படியில சறுக்கிச்சு. காட்டுல அட்டை கடிக்கும்னு முழங்கால் வரைக்கும் சவுக்காரம் பூசியிருந்தாரு. வாசத் தொட்டியில கால் கழுவுறப்ப நுரையா ஓடிச்சு. மவுத்தானவங்கள அட்டை கடிக்காதுல்ல, மொதலாளி? அப்ப எதுக்கு சவுக்காரம்?"

பளீல் பேச வாயெடுத்தார். சேதுராமன் அவர் முழங்கையை விட்டார். இனிப் பிடிக்கத் தேவையில்லை என்பதுபோல் இருந்தது அந்தச் செய்கை. "நீங்க நாள் எண்ணினதும் தப்பு, மொதலாளி. இத்தா வெசாழக்கெழமையே முடிஞ்சிது. லெப்பைகிட்டக் கேட்டாச்சு. நாளைக்கு டொக்டர் வரட்டும். நாங்க ரெண்டு பேரும், கறுப்பையாவும், லெப்பையும் அவருக்காகக் காத்திருப்போம்."

கறுப்பையா எழுந்து, தோளிலிருந்த கம்பளியால் மிதியடியை ஈரம் போகத் துடைத்தான். நாலு மாதமும் ஒரு பிழை இல்லாமல் செய்த மரியாதையைக் கடைசியாகச் செய்கிறவன்போல், அவற்றை மஸீனாவின் காலடியில் இணையாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். அவள் குனிந்து ஒன்றைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து, நாலு மாதமாகத் திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் பேசிய மைத்துனனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"தம்பி. நான் ஒவ்வொரு நாளும் உங்ககிட்டக் கேட்டேன். சுப்பம்மாவ விட்டுக் கேட்டேன், திரைக்குப் பின்னால நிண்டு அழுதழுது கேட்டேன். இப்பவும் அதே கேள்விதான். உங்களுக்குக் கேட்டிச்சா?"

பளீல் சேதுராமனைப் பார்த்தார், கறுப்பையாவைப் பார்த்தார். கீழே வாசல் பக்கம் ஒரு குழந்தையின் சிரிப்பும் சுப்பம்மாவின் அதட்டலும் கேட்டன. ஓதற பள்ளிக்கூடம் இன்று சீக்கிரம் விட்டுவிட்டது போலிருக்கிறது. பளீல் துருக்கித் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டிச்சி, மதினி."

"எத்தின நாள்?"

"எல்லா நாளும்."

மஸீனா தலையை அசைத்தாள். குழந்தை நடை வழியாக ஓடிவந்து, திறந்து கிடந்த பின்கதவைக் கண்டு திகைத்து நின்றது. "உம்மா, நீங்க வெளிய நிக்கீங்க!" என்று கூவியது. அதைக் கேட்ட பிறகுதான் மஸீனா அழுதாள்.